நாற்பதை எட்டாதவர்கள்

யூத மறைஞானத்தின் கதை – 11

1666 செப்டம்பரில் சபத்தாய் ஸ்வி, சுல்தானின் முன்னால் தலைப்பாகை அணிந்து இஸ்லாத்தைத் தழுவியதோடு சென்ற அத்தியாயம் நின்றது. மீட்பர் வந்துவிட்டார், எருசலேமுக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது என்று நம்பி மூட்டை கட்டிக் காத்திருந்த குடும்பங்கள், ஆம்ஸ்டர்டாம் முதல் ஏமன் வரை, அந்தச் செய்தியைக் கேட்டு இடிந்துபோயின. அவருக்கு மீட்பர் பட்டம் சூட்டிய காசா நகரத்து நாதன், அதற்கான ஆதாரங்களையெல்லாம் கபாலாவிலிருந்துதான் எடுத்துக் காட்டியிருந்தார். அதனால் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ரப்பிகளை உறங்கவிடாத கேள்வி இதுதான்: கபாலாவை யார் கையில் கொடுக்கலாம்?

இன்று கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ஆணாக இருக்க வேண்டும், மணமாகியிருக்க வேண்டும், வயது 40 நிறைந்திருக்க வேண்டும், அதற்கு முன் சட்ட நூலான தால்முத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். சினாய் மலையிலிருந்து இறங்கிய கட்டளை போலவே இதைச் சொல்வார்கள். ஆனால் இந்த நிபந்தனைகள் ஒரே நாளில், ஒரே ஊரில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் கற்பனையும் அல்ல.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், ஹகிகா என்னும் பகுதியில், இதன் வேர் கிடக்கிறது. படைப்பின் இரகசியத்தை இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு விளக்கக் கூடாது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தேர்க்காட்சியை ஒரே ஒரு மாணவனுக்குக்கூட விளக்கக் கூடாது. கோடி காட்டினாலே தானாகப் புரிந்துகொள்ளும் ஞானியாக அவன் இருந்தால் மட்டும் சொல்லலாம். இதில் வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. எத்தனை பேர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களின் அறிவு எத்தகையது என்பதுதான் கணக்கு. கூட்டம் பெருகினால் எவன் என்ன புரிந்துகொண்டான் என்று ஆசிரியருக்குத் தெரியாமல் போய்விடும். ஒருவன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவன் தன் போக்கில் எதையோ நினைத்துக்கொள்வான்.

வயது தலைகாட்டுவது தால்முத்தின் கதைகளில்தான். ஒரு சிறுவன் ஆசிரியர் வீட்டில் எசேக்கியேல் நூலைப் படித்துக்கொண்டிருந்தான். நெருப்பின் நடுவே தீர்க்கதரிசி கண்ட அந்த ஒளிப்பொருள் என்னவென்று அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உடனே அதிலிருந்து தீ கிளம்பி அவனைச் சுட்டெரித்தது. அறிஞர்கள் கூடி, இந்த நூலையே மக்கள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடலாம் என்றார்கள். அனனியா பென் எசேக்கியா என்பவர் மறுத்தார். இந்தப் பிள்ளை புத்திசாலியாக இருந்துவிட்டான் என்பதற்காக எல்லோரும் புத்திசாலிகளா என்பது அவர் வாதம். நூல் பிழைத்தது. எனக்கு இந்தக் கதை முக்கியமாகப் படுகிறது. சிறுவன் தவறாகப் புரிந்துகொண்டதால் எரியவில்லை. சரியாகப் புரிந்துகொண்டதால் எரிந்தான். அறிவுக்குறைவு மட்டுமே ஆபத்து என்று அந்தக் காலத்தவர்கள் நினைக்கவில்லை.

அதே பகுதியில் இன்னொரு சம்பவம் உண்டு. ரப்பி யோகனான் தன் மாணவர் எலயாசாரை அழைத்து, தேர்க்காட்சியின் பொருளைக் கற்றுத்தருகிறேன் வா என்றார். எனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை என்று எலயாசார் ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு வயதானபோது யோகனான் உயிரோடு இல்லை. வேறொருவர் கற்றுத்தர முன்வந்தார். எனக்குக் கொடுத்துவைத்திருந்தால் என் குருவிடமே கற்றிருப்பேனே என்று சொல்லி எலயாசார் அதையும் மறுத்துவிட்டார். தகுதி இல்லாதவன் அவசரப்படுவதைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள். தகுதி இருந்தும் தள்ளிப்போட்டு இழந்தவரின் கதையையும் தால்முத் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

மறைஞானம் என்னும் தோட்டத்துக்குள் நுழைந்த நால்வரை இத்தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். பென் அஸ்ஸாய் இறந்தார், பென் ஸோமா புத்தி பேதலித்தார், எலிஷா பென் அபூயா நெறி தவறினார், ரப்பி அகிவா ஒருவர்தான் நலமாக வெளியே வந்தார். இவர்களில் பென் அஸ்ஸாய் கல்வியின் மேல் கொண்ட காதலால் மணம் செய்யாமலே இருந்தவர் என்பதும், அகிவா நடுவயதில் படிக்கத் தொடங்கிய குடும்பஸ்தர் என்பதும் மரபில் எல்லோருக்கும் தெரியும். மணமானவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் நிழல் இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். வீடு, மனைவி, பிள்ளைகள், நாளைய அரிசிக் கவலை ஆகியவை ஒரு மனிதனைத் தரையில் நிறுத்தி வைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம், நான்காம் நூற்றாண்டின் இறுதியில், யூதர்களிடம் தான் அறிந்த ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் எசேக்கியேல் நூலின் தொடக்கத்தையும் முடிவையும் 30 வயதுக்கு முன் படிக்கக் கூடாது என்பது அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் வயதை விட்டுவிட்டார். முதலில் சட்டத்தாலும் அனுமதியாலும் தடையாலும் வயிறு நிறையட்டும், அதன் பிறகு தத்துவத் தோட்டத்தில் உலாவலாம் என்பது அவர் வகுத்த வரிசை. ‘தால்முத்தால் வயிற்றை நிரப்புவது’ என்று ரப்பிகள் இன்றுவரை சொல்லிவருவது அந்த வழியில் வந்ததுதான்.

கபாலா என்று நாம் இன்று அழைக்கும் மரபு, தெற்கு பிரான்சில் உருவெடுத்தபோது, பயம் வேறு பக்கம் திரும்பியது. பார்வையற்ற ஐசக் என்று அறியப்படும் குரு, ஸ்பெயினின் ஹிரோனா நகரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே சிலர் இரகசியங்களைச் சந்தையிலும் தெருவிலும் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை. எழுதிவைத்ததைப் பெட்டியில் பூட்ட முடியாது. எழுதியவன் இறந்துபோவான், தாள் யாரோ ஒரு மூடன் கைக்குப் போகும் என்று அவர் வருந்தினார். அந்த நகரத்தின் பெரும் ரப்பி நக்மானிடிஸ் கபாலாவில் ஊறியவர். அவர் தன் தோரா உரையில் ஆங்காங்கே ஒரு குறிப்பை மட்டும் வீசிவிட்டுப் போவார். உன் ஊகத்தால் இவற்றை அவிழ்க்கப் பார்க்காதே, அறிந்த குருவின் வாயிலிருந்து கேட்டால்தான் உண்டு என்று முன்னுரையிலேயே வாசகனிடம் கேட்டுக்கொண்டார். குருவும் சீடனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்வரை வயதுக் கணக்குக்கு அவசியமே இருக்கவில்லை. பையனைப் பார்த்தாலே குருவுக்குத் தெரிந்துவிடும்.

அச்சு வந்தது. 1558-க்கும் 1560-க்கும் இடையில் இத்தாலியின் மாந்துவாவிலும் கிரெமோனாவிலும் போட்டி போட்டுக்கொண்டு கபாலாவின் முதன்மை நூலான ஸோஹர் அச்சேறியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்தான், 1553-இல், ரோமில் தால்முத் பிரதிகளைக் குவித்து எரித்திருந்தார்கள். சட்ட நூல் நெருப்பில், மறைநூல் கடையில் என்ற நிலை. பல ரப்பிகள் கொதித்தார்கள். போலந்தின் மோசஸ் இஸ்ஸர்லிஸ், 1570-இல் வெளிவந்த தன் நூலில், வலது இடது தெரியாத சாதாரண வீட்டுக்காரர்கள்கூடக் கபாலாவில் குதிக்கிறார்களே என்று கடிந்துகொண்டார். ஒரு புத்தகம் தன்னை வாங்குபவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் முகத்துக்குப் பதிலாக வயது வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே நேரத்தில் கலிலேயாவின் சஃபேத் நகரத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. மோசஸ் கொர்தொவேரோ தன் பெருநூலான ‘பர்தேஸ் ரிம்மோனிம்’ நூலை 1548-இல் முடித்தபோது முப்பதைக்கூட எட்டவில்லை. கபாலா படிக்க 20 வயது போதும் என்பது அவர் முடிவு. ஐசக் லூரியா 1570-இல் சஃபேத்துக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் கபாலாவின் போக்கையே மாற்றிவிட்டு, 1572-இல் கொள்ளைநோயில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. அவருக்குப் பின் ஆப்ரஹாம் அசுலாய் எழுதிய ஸோஹர் உரையின் முன்னுரை தடையையே நீக்கிவிட்டது. கபாலாவைப் பகிரங்கமாகப் படிக்கக் கூடாது என்ற கட்டளை 1490 வரைதான். 1540 முதல் பெரியவரும் சிறியவரும் படிப்பதே தலைசிறந்த அறம், மீட்பர் வருவதற்கு அதுதான் வழி என்று அவர் எழுதினார்.

நாற்பது என்ற எண் தெளிவாக அச்சில் வருவது 1646-இல். சப்பத்தாய் ஹகோஹென் என்ற இளம் சட்ட அறிஞர், ஷுல்கான் ஆருக் என்ற சட்ட நூலுக்கு எழுதிய உரையில், சிலர் 40 வயதுவரை காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு வரியில் குறித்தார். நாற்பதில்தான் விவேகம் வரும் என்று மிஷ்னாவில் இருப்பதே அதற்கு ஆதாரம். அந்த ‘சிலர் சொல்கிறார்கள்’ ஒரு கட்டளையாக மாறுவதற்கு சபத்தாய் ஸ்வி வர வேண்டியிருந்தது.

அந்தக் கட்டளை முதலில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

மோசஸ் ஹாயிம் லுட்சாட்டோ 1707-இல் இத்தாலியின் பாதுவாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். எபிரேயம், லத்தீன், இத்தாலியம் மூன்றிலும் தேர்ச்சி. பதின்வயதிலேயே கவிதை இலக்கணம் பற்றி நூல் எழுதியவர், நாடகமும் எழுதினார். 1727-இல், 20 வயதில், ஒரு வானவர் தன்னிடம் பேசுவதாக உணர்ந்தார். அவர் சொல்லச் சொல்ல, ஸோஹரின் அரமேயிக் நடையிலேயே பக்கம் பக்கமாக எழுதினார். நண்பர்கள் சிலர் சுற்றி அமர்ந்து இரவும் பகலும் முறைவைத்துப் படித்தார்கள்.

பாதுவா பல்கலைக்கழகம் யூதர்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுத்த மிகச் சில இடங்களில் ஒன்று. வில்னாவிலிருந்து மருத்துவம் படிக்க வந்திருந்த யெகுத்தியேல் கோர்டன் என்ற மாணவர், லுட்சாட்டோவைக் கண்டு மருத்துவப் படிப்பின் மேல் இருந்த ஆசையையே விட்டார். தாங்க முடியாத மகிழ்ச்சியில், 1729-இல், வானவரைப் பற்றி விவரமாக ஒரு கடிதம் எழுதினார். அது கைமாறி, ஆல்டோனாவில் இருந்த மோசஸ் ஹாகிஸிடம் போய்ச் சேர்ந்தது.

ஹாகிஸ் கெட்டவர் அல்ல. எருசலேமில் பிறந்த அவர், 1713-இல் ஆம்ஸ்டர்டாமில் நெகேமியா ஹாயோன் என்ற சபத்தாய்ப் பிரச்சாரகரை எதிர்த்து நின்று, அதற்காகவே அந்த ஊரை விட்டு வெளியேற நேர்ந்தவர். சபத்தாய் கூட்டம் ஒழிந்துவிடவில்லை, பக்தி வேடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொந்த அனுபவத்தில் கண்டவர். ஒரு வானவர், ஒரு புது ஸோஹர், சுற்றிலும் ஒரு சீடர் குழு என்று கேட்டவுடன் அவருக்கு காசா நாதன்தான் நினைவுக்கு வந்திருப்பார். அவர் வெனிஸ் ரப்பிகளுக்கு எழுதினார். குற்றச்சாட்டுகள் வரிசையாக வந்தன: வயது போதாது, மணமாகவில்லை, தாடி இல்லை. இப்படிப்பட்டவனிடம் வானவர் பேசுவாரா?

1730 கோடையில் லுட்சாட்டோ தன் ஆசிரியர் இசையா பசான் முன்னிலையில் கையெழுத்திட்டார். வானவரின் பெயரால் இனி எழுத மாட்டேன் என்றார். எழுதியதையெல்லாம் பசானிடம் ஒப்படைத்தார். பசான் இந்த மாணவனைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர், அவன்மேல் உயிராக இருந்தவர். மறு ஆண்டு லுட்சாட்டோவுக்கு மணமும் ஆனது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. கபாலாவுக்கு ஆதரவாக அவர் எழுதிய வாத நூல் ஒன்றை வெனிஸ் ரப்பிகள் தங்கள் பார்வைக்கு வைக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். ஆம்ஸ்டர்டாம் போய்விடலாம் என்று கிளம்பினார்.

வழியில், 1735 தொடக்கத்தில், பிராங்க்பர்ட்டில் ரப்பி யாக்கோப் போப்பர்ஸின் நீதிமன்றம் அவரை நிறுத்தியது. அங்கே வைக்கப்பட்ட தாளில் அவர் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டார். வானவரைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் உண்மையல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வயது 40 ஆகும்வரை கபாலாவை, ஸோஹரையோ லூரியாவின் நூல்களையோகூட, யாரோடும் சேர்ந்து படிக்கக் கூடாது என்பது நிபந்தனை. பசானிடம் ஒப்படைத்த எழுத்துகளின் பெட்டி பின்னர் போப்பர்ஸ் கைக்கு வந்தது. சில தாள்கள் எரிக்கப்பட்டன, சில புதைக்கப்பட்டன. வெனிஸ் ரப்பிகளும் அவர் நூல்களுக்குத் தடை விதித்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் அவரை மரியாதையோடு வரவேற்றார்கள். கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார் என்று சொல்வதுண்டு. கபாலாவை வெளியே காட்டாமல், மனிதன் தன்னைப் படிப்படியாகச் செம்மைப்படுத்திக்கொள்வதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1740-இல் அச்சான அந்த ‘மெசிலாத் யெஷாரிம்’ இன்று உலகத்து யெஷிவாக்களில், அதாவது யூதக் கல்விச்சாலைகளில், எல்லாம் பாடநூல். 1743-இல் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடும்பத்தோடு போனார். 1746-இல் ஆக்கோ நகரத்தில் கொள்ளைநோய் அவரையும் மனைவியையும் மகனையும் கொண்டுபோயிற்று. அவருக்கு விதித்த வயதுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது.

அவரைத் தடுத்தவர்கள் பொறாமைக்காரர்கள் என்று எழுதுவது எளிது. பலர் எழுதியும் விட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்துப் போலந்தில் நடந்ததைப் பார்த்தால் ஹாகிஸின் பயத்துக்குக் காரணம் இருந்தது தெரியும். ஆனாலும், பயம் நியாயமாக இருந்தும் தீர்ப்பு தவறான ஆள்மேல் விழுந்தது. அந்தப் பெட்டியில் என்ன இருந்ததென்று முழுதாக இனி யாரும் அறியப்போவதில்லை. இந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை.

1756 ஜனவரியில், போலந்தின் பொடோலியாப் பகுதியில் லாங்கொரோனா என்ற சிற்றூரில், திரையிட்ட ஒரு வீட்டுக்குள் இரவில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் பிடிபட்டது. தலைவர் யாக்கோப் பிராங்க். சபத்தாய் வழியில் வந்தவர். சட்டத்தை மீறுவதே புனிதம் என்று போதித்தவர். ரப்பிகளின் விசாரணையில் வெளிவந்த வாக்குமூலங்கள் ஊரையே உலுக்கின. அந்த ஆண்டின் நடுவில் ப்ரோடி நகரத்தில் கூடிய ரப்பிகள் அந்தக் கூட்டத்தைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். கூடவே ஒரு படிப்பு விதியையும் சேர்த்தார்கள். 30 வயதுக்கு முன் ஸோஹர் கூடாது. 40 வயதுக்கு முன் லூரியாவின் எழுத்துகள் கூடாது. முப்பதைத் தாண்டியவர்களும் அச்சான நூல்களை மட்டுமே தொடலாம். கையெழுத்துப் பிரதி கூடவே கூடாது.

கடைசி நிபந்தனை கவனிக்க வேண்டியது. பார்வையற்ற ஐசக்கின் காலத்தில் எழுத்துதான் ஆபத்து, இஸ்ஸர்லிஸின் காலத்தில் அச்சு. இப்போது அச்சு பாதுகாப்பாகிவிட்டது, ஏனென்றால் அச்சான நூலை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சபத்தாய்க் கொள்கைகள் கையால் எழுதிய தாள்களில்தான், பெயர் போடாமல், ஊர் ஊராக ஒளிந்து பயணம் செய்தன.

தால்முத் முதலில் என்ற நிபந்தனைக்கும் இப்போது உயிர் வந்தது. பிராங்கின் கூட்டம் கத்தோலிக்க ஆயரிடம் போய், தாங்கள் தால்முத்தை நிராகரிப்பவர்கள், ஸோஹரை நம்புபவர்கள் என்று முறையிட்டது. 1757-இல் காமெனியெத்ஸ் நகரத்தில் இரு தரப்புக்கும் பொதுவாதம் நடத்தி, முடிவில் தால்முத் பிரதிகளை எரித்தார்கள். 1759-இல் பிராங்க் கூட்டத்தார் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரு நூலை மற்றொன்றின் எதிரியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது.

இந்த விதிகளில் பெண்களைத் தடுப்பதாக ஒரு வரி இல்லை. படிக்க வருவார்கள் என்ற நினைப்பே இல்லாததால் தடுக்கவும் தோன்றவில்லை. ஆனால் லூரியாவின் சீடர் ஹாயிம் விட்டால் எழுதிய கனவுக் குறிப்புகளில், சஃபேத்தின் பிரான்செசா சாரா போன்ற காட்சி காணும் பெண்களை அவர் மதிப்போடு குறிப்பிடுகிறார். குர்திஸ்தானில் அஸ்னாத் பர்ஸானி தன் தந்தை ரப்பி சாமுவேலிடம் படித்து வளர்ந்தார். அவரை வீட்டுவேலை செய்ய வைக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் தந்தை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மணம் முடித்தார். கணவர் இறந்தபின் மோசூலில் யெஷிவாவை அஸ்னாத்தே நடத்தினார். கபாலாவும் அறிந்தவர் என்று பெயர் பெற்றார். சபத்தாய் ஸ்வி பெண்களைத் தோரா வாசிக்க அழைத்ததும், அவர் இயக்கத்தில் பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னதும், இந்த வழியை இன்னும் இறுக மூடிவிட்டன. பெண் ஒருத்தி காட்சி கண்டதாகச் சொன்னாலே சபத்தாய் வாடை அடிப்பதாக மூக்கைச் சுளிக்கும் காலம் வந்தது.

ப்ரோடியின் விதி போலந்துக்கும் அதைச் சுற்றிய நாடுகளுக்கும் போடப்பட்டது. மொராக்கோவில் யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அங்கே தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும் கூடி, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாவிட்டாலும், ஸோஹரைச் சத்தமாக ஓதினார்கள். ஆப்ரஹாம் அசுலாயின் வழிவந்த ஹாயிம் யோசேப் தாவீது அசுலாய், புரியாமல் ஓதினாலும் ஆன்மாவுக்கு நல்லது என்றே எழுதினார். ஓதுவதற்கு வயதில்லை, விளக்குவதற்குத்தான் வயது. இரண்டையும் பிரித்துப் பார்த்த இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எளியவனை வெளியே நிறுத்தாமலும் நூலைக் கெடுக்காமலும் வழி கண்டது அது.

ப்ரோடியில் தடை போட்டவர்களைக் கபாலாவின் விரோதிகள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஊரில் ‘க்ளாய்ஸ்’ என்ற படிப்பு மண்டபம் ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்த அறிஞர்கள் பகலெல்லாம் தால்முத்தும், கூடவே லூரியாவின் கபாலாவும் படித்து, லூரியாவின் முறைப்படியே ஜெபித்தார்கள். பின்னாளில் பிராகாவின் தலைமை ரப்பியான எசேக்கியேல் லாண்டாவ் அந்த வட்டத்தில் வளர்ந்தவர். 1772-இல் ஹசிதியர்கள் என்ற புதிய பக்தி இயக்கத்தாருக்கு எதிராக ப்ரோடி மறுபடி ஒரு தடை போட்டபோது, லூரியாவின் ஜெபமுறையை யாரும் கையாளக் கூடாது, க்ளாய்ஸில் இருக்கும் பெரியவர்கள் மட்டும் வழக்கம்போல் தொடரலாம் என்று அறிவித்தது. தடுக்கப்பட்ட ஹசிதியர்கள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.